மைசூருக்குப் போன அப்பா

ஜனவரி 18, வியாழன்

இந்த டைரி பம்புசெட் கம்பெனிக்காரர்கள் வருசா வருசம் கடைக்குக் கொடுத்துவிட்டுப் போவது. எப்பவும் என் சம்சாரம் சாந்தாமணி வாங்கி அதில் கோலம் போட்டுப் பழகுவாள். இந்த வருசம் என் தலையில் கட்டிவிட்டாள். எல்லாம் டாக்டர் புண்ணியம். பிரஷர் ஏறிக் கிடக்கிறதாம். "கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். "கத்துவனுங்க" என்றேன். "இனிமே கத்தாதீங்க, எழுதுங்க" என்றார். வெளியே வந்ததும் சாந்தாமணி சொல்கிறாள், "மாத்திரையக்கூட மறந்தாலும் பரவால்லீங்க, இதை மட்டும் மறந்துறாதீங்க."

ஆகவே, கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் குழந்தைவேலு ஆகிய நான், நாற்பத்தாறு வயதில் எழுத்து வேலைக்கு உட்கார்ந்தாச்சு.

இன்றைய கோவம் ரெஜினா டீச்சர் மேல். என் மகள் சம்யுக்தா எட்டாவது படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் இந்த ரெஜினா. ஈரோட்டில் வாலிபால் மேட்ச் என்று பிள்ளைகளை அழைத்துப் போனார். நானும் "ஜெயிச்சுட்டு வா கண்ணு" என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஜெயித்துவிட்டாள். அதுதான் தப்பாகப் போய்விட்டது. சென்னையில் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்திருக்கிறதாம். ஜூனிலிருந்து அங்கேயே தங்கி, அங்கேயே படிக்க வேண்டுமாம். பதிமூணு வயசுப் பிள்ளை. தலை பின்னிக்கொள்ளக்கூட அம்மாவிடம் வந்து முதுகைக் காட்டி உட்காருகிறவள்.

"முடியாது" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னதற்கே பக்கத்து வீட்டு நாய் எழுந்து பார்த்ததாகச் சாந்தாமணி சொல்கிறாள்.

கடைசியில் அவள்தான் தீர்ப்பு சொன்னாள். "இதுவரைக்கும் ஒரு ராத்திரிகூட நம்மள உட்டுட்டு இருந்ததில்ல. அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துல மைசூர் டூர் போறாங்கல்ல, ரெண்டு ராத்திரி. போயிட்டு வரட்டும். அழாம இருந்தாள்னா சென்னைக்கு அனுப்பலாம். அழுதாள்னா வேண்டாம். ரெண்டு பேருக்கும் சம்மதந்தான?"

"சம்மதம்" என்றாள் சம்யுக்தா. நானும் சம்மதம் என்றேன். ஏனென்றால் எனக்குத் தெரியும், அவள் அழுவாள். ஒண்ணாவதில் சேர்த்தபோது முதல் வாரம் பூரா அழுதாள். நான்தான் மத்தியானம் வரைக்கும் காம்பவுண்டுக்கு வெளியே நின்றிருந்தேன். வெயில் தெரியாமல் நின்றேன் என்று இப்போது ஞாபகம் வருகிறது.

ஜனவரி 23, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் கூட்டம். டூருக்குப் பிள்ளைகளோடு லேடீஸ் டீச்சர்கள் மட்டும் போகிறார்களாம். பை தூக்க, ரூம் எடுக்க, கண்ட ஆட்களிடம் பேச, "பேரண்ட்ஸ் யாராச்சும் ஒருத்தர் கூட" என்று ரெஜினா டீச்சர் ஆரம்பித்தார். மிச்சத்தைச் சொல்வதற்குள் ஒரு கை மேலே போய்விட்டது. என் கைதான்.

"கடைங்க?" என்றார்.

"ரெண்டு நாளைக்கு ஊருல ஒரு மோட்டாரும் எரியாதுங்க டீச்சர்."

இது பொதுச்சேவை. வேறு ஒன்றும் இல்லை. வீட்டில் சொன்னதும் சாந்தாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. "பரீச்சை எழுதறது அவ. பின்னாடி பெஞ்சுல போயி உக்காந்துக்கறது இவரு."

ஜனவரி 24, புதன்

மகள் வந்து நிபந்தனை போட்டாள். பஸ்ஸில் நான் அவளுக்கு அப்பா இல்லை. பொதுவாக ஒரு பேரண்ட். எல்லாப் பிள்ளைகளுக்கும் எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவுதான். சாப்பிட்டியா என்று கேட்கக் கூடாது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. குரங்குக் குல்லாய் போடக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, எத்தனை தலை போகிற அவசரமானாலும் வீட்டில் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி அவளை 'அம்மிணி' என்று கூப்பிடக் கூடாது.

"அப்பறம் எப்படிக் கூப்புடறது?"

"கூப்புடவே வேண்டாங்கப்பா."

ஒத்துக்கொண்டேன். குல்லாயைப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். போடத்தானே கூடாது என்றாள்.

பிப்ரவரி 1, வியாழன்

பை கட்டியாச்சு. தைலம், எலுமிச்சம்பழம், கயிறு, டார்ச் லைட், டெஸ்டர்.

"டெஸ்டர் எதுக்குங்க?"

"போற எடத்துல கரண்ட் எப்படி இருக்குமோ."

"மைசூர் மகாராசா உங்களைத்தான் பாத்துட்டு உக்காந்திருக்காரு பாருங்க" என்றாள்.

காலையில் அரிசிம்பருப்புச் சோறு செய்து ஒரு டப்பாவில் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன். சம்யுக்தாவுக்கு அதென்றால் உயிர். மத்தியானம் அந்நிய ஊரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் அந்த வாசனைக்கே வீட்டு ஞாபகம் வந்துவிடும். வரட்டுமே. பிள்ளைக்குச் சோறு கொண்டுபோவது ஒரு குற்றமா?

பிப்ரவரி 2, வெள்ளி. மைசூர்

விடிய பஸ் கிளம்பியது. கிளம்புமுன் ரெஜினா டீச்சர் எல்லாரையும் ஜோடி ஜோடியாக நிறுத்தி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே கலரில் ரிப்பன் துண்டு எடுத்துக் கையில் கட்டினார். அவர் ஏற்பாடு இதுதான். நிற்கிற இடத்திலெல்லாம் தலையை எண்ணிக்கொண்டு நேரத்தைக் கடத்த மாட்டார். "யாரோட ஜோடி இல்ல?" என்று ஒரு குரல் கொடுப்பார். தன் ஜோடியைக் காணோம் என்றால் அந்தப் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். யாரும் தூக்கவில்லை என்றால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம், வண்டி கிளம்பிவிடும். நல்ல ஏற்பாடுதான் என்று நானும் தலையாட்டினேன்.

கடைசியில் ஒரு பிள்ளை ஒற்றையாக மிச்சமானது. ஏழாவது படிக்கிற தேன்மொழி, கவுந்தப்பாடிப் பக்கம். என் முழங்கை உயரம் இருப்பாள். அவளுக்கு ஜோடி நான் என்று ஆயிற்று. ரெண்டு பேர் கையிலும் பச்சை ரிப்பன். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கெடா மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றேன். முன் சீட்டில் என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பஸ் சத்தியமங்கலம் தாண்டியது. தேன்மொழி கேட்டாள், "மாமா, ஒரு போன் பண்ணிக்கலாங்களா? எங்கூட்டு ஆடு செனையா இருக்குதுங்க. இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போட்டுரும். நான் இல்லாம அது என்ன பண்ணும்னே தெரியலீங்க."

பண்ணிக் கொடுத்தேன். ஆடு தழை தின்கிறது என்று அவள் அப்பா சொன்னார். அரை மணி கழித்து மறுபடி கேட்டாள். ஆடு படுத்திருக்கிறது என்றார்.

திம்பம் மலை. அந்த வளைவுகளில் பிள்ளைகள் யாராவது வாந்தி எடுப்பார்கள் என்றுதான் பாலித்தீன் பைகளை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். பைகள் எனக்கே சரியாக இருந்தன. நெற்றி, கழுத்து, மூக்கு எங்கும் தைலத்தை அப்பிக்கொண்டு கடைசிச் சீட்டில் சாய்ந்து கிடந்தேன். பஸ்ஸுக்கே என் வாசனைதான். நடுவில் ஒரு கீறின எலுமிச்சம்பழம் சீட்டு சீட்டாகக் கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. யார் கொடுத்துவிட்டார்கள் என்று தெரியவில்லை. முன் பக்கத்திலிருந்து வந்தது.

மத்தியானம் மைசூரில் ஒரு ஓட்டலில் சாப்பாடு. நேரம் பார்த்து டப்பாவைத் திறந்தேன். சம்யுக்தா வந்தாள், மோந்து பார்த்தாள், பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பங்கு போட்டுவிட்டுத் தன் தட்டில் இருந்த பிசிபேளாபாத்தைச் சாப்பிடப் போய்விட்டாள். போகிற போக்கில், "அங்கிள், இதுவும் நம்ம அரிசிம்பருப்புதான், கொஞ்சம் புளி ஊத்தியிருக்காங்க" என்றாள்.

அங்கிள்.

சாயங்காலம் சாமுண்டி மலை. அவ்வளவு பெரிய நந்தியை நான் பார்த்ததில்லை. முழுசாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒருத்தி ஸ்வெட்டர் போடாமல் நின்றிருந்தாள், அதில் பாதி கவனம் போய்விட்டது. பொதுவாக எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து, "ஸ்வெட்டர் இருக்கறவங்க போட்டுக்கலாமே" என்றேன். எல்லாரும் போட்டார்கள், ஒருத்தியைத் தவிர.

லாட்ஜில் ராச்சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டு சம்யுக்தாவிடம் நீட்டினேன். அம்மா குரலைக் கேட்டால் போதும், மடை திறந்துவிடும் என்று நினைத்தேன். "நல்லாருக்கேம்மா. சாப்ட்டேன். அங்க அவங்க வெளையாடறாங்க, வெச்சரட்டுமா?" அவ்வளவுதான். போன் என் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் நான்தான் பேசினேன். பேசப் பேச சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது. என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. பால்காரன் வந்தானா, வெந்நீர்க் கட்டை காய்ந்திருக்கா, இந்த மாதிரி. சாந்தாமணி கடைசியில், "ஏனுங்க, உங்களுக்கு ஊட்டு ஞாபகம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டாள்.

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 3, சனி. மைசூர்

இன்றைக்கு நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

காலையில் அரண்மனை. செருப்பைக் கழற்றி வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். கல்யாண மண்டபத்தில் மேலே பார்த்தால் கலர் கண்ணாடியில் மயில் மயிலாக நிற்கிறது. தர்பார் மண்டபத்தில் தூண்கள் வரிசையாகப் போகிறதைப் பார்த்தால் நம் வீட்டுக்கு ஒரு தூண்கூட இல்லையே என்று இருக்கிறது. வெளியே வந்தால் சுவர் பூராவும் பல்பு. வரிவரியாக, வளைவு வளைவாக. எத்தனை ஃப்யூஸ் போயிருக்கும், யார் ஏறி மாற்றுவார்கள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

சம்யுக்தா தன் ஜோடியோடு எனக்கு நாலு ஆள் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தாள். நடக்கிற நடையில் ஒரு துள்ளல். கோபிக் கடைவீதியில் என் பின்னால் வருகிற பிள்ளை இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று டாக்டர் கேட்டால் சொல்லத் தெரியாது.

வாசலில் செருப்பைத் திரும்ப வாங்கும்போது தேன்மொழி சட்டையை இழுத்தாள். "மாமா, ஒரே ஒரு போன். ராத்திரிக் கனாவுல ஆடு வந்துதுங்க." சத்தமாக இருந்ததால் ஒரு மரத்தடிக்கு ஒதுங்கினோம். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை போன் செத்துவிட்டது. ஊருக்கெல்லாம் கரண்ட் வேலை பார்க்கிறவன், ராத்திரி சார்ஜ் போட மறந்திருக்கிறேன்.

நிமிர்ந்து பார்த்தால் எங்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளையைக்கூடக் காணோம். பஸ் நின்ற இடத்துக்கு ஓடினோம். அங்கே வேறு ஊர்ப் பஸ் நிற்கிறது.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. ரெஜினா டீச்சர் வழக்கம்போல "யாரோட ஜோடி இல்ல?" என்று கேட்டிருப்பார். தேன்மொழி இல்லையென்றால் நான் கையைத் தூக்க வேண்டும். நான் இல்லையென்றால் தேன்மொழி தூக்க வேண்டும். ரெண்டு பேரும் சேர்ந்தே காணாமல் போனால் யார் தூக்குவது? ஒருத்தரும் தூக்கவில்லை, வண்டி அடுத்துப் பார்க்க வேண்டிய அணைக்கட்டுக்குக் கிளம்பிவிட்டது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் நான் தலையாட்டியிருந்தேன்.

டீச்சர் நம்பர் செத்த போனுக்குள் இருக்கிறது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது சாந்தாமணி நம்பர் ஒன்றுதான்.

"யாருகிட்டயாச்சும் போன் வாங்கி அத்தைக்குப் பண்ணலாங்களே" என்றாள் தேன்மொழி.

"வேண்டாஞ் சாமி."

"ஏனுங்?"

"ஆயுசுக்கும் சிரிப்பா."

வந்த இடத்திலேயே நிற்பதுதான் புத்தி என்று அரண்மனை வாசலில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் தேன்மொழிக்கு உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது. இனிமேல் ஊருக்கே போக முடியாது, ஆடு அங்கே தனியாகக் கத்தும், தான் இங்கே கன்னடத்தில் பேசிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சொல்லி அழுகிறாள். எனக்கு அழுகிற பிள்ளையைக் கண்டால் கை கால் ஓடாது. நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இங்க பாரு சாமி. அது குட்டி போடறதுக்கு நீ எதுக்கு? அதுக்கு வேண்டிய தெம்பு அதுங்கிட்டயே இருக்குது. நீ பக்கத்துல நின்னு கையப் பெசஞ்சுட்டு இருந்தீன்னா அது உனக்குத்தான் ஆறுதலு. அதுக்கு ஒண்ணுமில்ல. சொல்லப்போனா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு நின்னா அதுக்கும் பயம் வந்துரும். நீ போன எடத்துல நல்லா இரு. அது அதும்பாட்டுக்கு நல்லா இருக்கும்."

மூக்கை உறிஞ்சினாள். "நான் வர்றதுக்குள்ள என்னைய மறந்துட்டா?"

"ஆடு மறக்குமா? நீ கேட்டுல கால வெச்சாப் போதும். காலடிச் சத்தத்துலயே தெரிஞ்சுக்கும்."

"நெசமாங்களா?"

"நெசமாத்தான். கூடவே இருந்து பாத்துக்கோணும்னு நெனைக்கறது எல்லாம் நமக்காக. அதுக்காக இல்ல."

இதைச் சொல்லி முடித்ததும் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். திரும்பினால் பின்னால் சம்யுக்தா நிற்கிறாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் ரெஜினா டீச்சர்.

"அப்பா" என்றாள். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். நிபந்தனையை முதலில் மீறியது அவள்தான், நான் இல்லை. "பயந்துட்டீங்களா?"

"யாரு? நானா? சும்மா நின்னுட்டிருந்தோம்."

"கண்ணு ஏன் இப்படி செவந்திருக்குது?"

"தைலம். நெத்தியில இருந்து கண்ணுல எறங்கிருச்சு."

தேன்மொழி என்னை அண்ணாந்து பார்த்தாள். நல்ல பிள்ளை, வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் டீச்சர் சொன்னார். "ஊரத் தாண்டறதுக்குள்ள உங்க பொண்ணு எந்திரிச்சு நின்னுட்டாங்க சார். பின்னாடி தைலம் வாசனை வரல, எங்கப்பா வண்டியில இல்லைன்னு. ஜோடி எல்லாம் கரெக்டா இருக்குன்னு நான் சொல்றேன், கேக்கவே இல்ல. நேரா போயி டிரைவர்கிட்ட வண்டியத் திருப்புங்கன்னுட்டாங்க. நாங்கெல்லாம் பதறிட்டோம். அவங்க பதறல." பிறகு குரலைத் தாழ்த்தி, "என் ஏற்பாட்டுல ஒரு ஓட்டை இருந்திருக்குது சார். மன்னிச்சுக்கோங்க" என்றார். அதற்கப்புறம் நிற்கிற இடத்திலெல்லாம் தலையை எண்ணினார். என் தலையை ரெண்டு தடவை.

அணைக்கட்டைப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது.

மறுபடி அதே நாள்

ஒன்று எழுத மறந்துவிட்டேன். காலையிலிருந்து நான் தைலம் பூசவே இல்லை. வாசனை வராததற்கு நான் வண்டியில் இல்லாதது மட்டும் காரணம் இல்லை. கண் சிவந்ததற்கும் தைலம் காரணம் இல்லை. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு. வீடு

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் நிற்கும்போது என் போனுக்குத் தேன்மொழி அப்பா கூப்பிட்டார். ஆடு நேற்றுக் காலையிலேயே குட்டி போட்டுவிட்டதாம். ரெண்டு. அந்த நேரம் ஆட்டுக் கொட்டத்தில் இருந்ததால்தான் போன் எடுக்கவில்லையாம். ஒரு சிரமமும் இல்லை, அது பாட்டுக்குப் போட்டுவிட்டு நக்கிக்கொண்டிருக்கிறது என்றார். தேன்மொழி கோட்டை மதில் அதிரும்படி குதித்தாள். எங்கள் பஸ்ஸே கைதட்டியது. பக்கத்தில் நின்ற வடநாட்டுக்காரர் ஒருத்தர் ஏதோ சரித்திர விசேஷம் என்று நினைத்துத் தானும் தட்டினார்.

"ஏனுங்மாமா, நான் இல்லாமயே போட்டுருச்சுங்க" என்றாள். கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது குரலில். எனக்குப் புரிந்தது.

மலையிறங்க ஆரம்பிக்கும்போது நான் பாலித்தீன் பையும் கையுமாகத் தயாராக இருந்தேன். சம்யுக்தா எழுந்து பின்னால் வந்தாள். தேன்மொழியைத் தன் சீட்டுக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தைலத்தை வாங்கி அவளே என் நெற்றியில் தேய்த்துவிட்டாள். ரெண்டு மூணு வளைவு கழித்துக் கேட்டாள்.

"அப்பா, நேத்து ஆட்டப் பத்தி சொன்னீங்கல்ல."

"ம்."

"அது ஆட்டுக்கு மட்டுந்தானா?"

வாந்தி வருகிற மாதிரி பாவனை செய்து பார்த்தேன். இந்தத் தடவை என்று பார்த்து வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். அவசரப்படுத்தவும் இல்லை. பந்து தன் பக்கம் வருகிறவரைக்கும் நிற்கிற மாதிரி நின்றாள், உட்கார்ந்துகொண்டேதான்.

எனக்கு இஷ்டமில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன். ஒரு துளி இஷ்டமில்லை. வீட்டுக்குப் போனால் அவள் பந்தைச் சுவரில் அடிக்கிற சத்தம் இருக்கும். ஜூனுக்கு அப்புறம் இருக்காது. அந்தச் சத்தத்துக்கு எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். ஆனால் நேற்று நான் தொலைந்து நின்றபோது தேடி வந்தது யார்? வாசலில் நின்று பயந்துகொண்டிருந்தது யார்? இதற்கு மேல் என்ன பரீட்சை வைப்பது?

"உனக்கும் சேத்துத்தான்" என்றேன்.

"அப்ப நான் ஆடா?"

"போடி."

"அப்ப போகட்டுமா, சென்னைக்கு?"

"போயிட்டு வா அம்மிணி" என்றேன். என் குரல் தெரிந்ததுதானே, முன் சீட்டு வரைக்கும் எல்லாத் தலையும் திரும்பியது. அவள் முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொண்டாள். "மெதுவாங்கப்பா" என்றாள் விரலுக்கு உள்ளே இருந்து. ஆனால் மலை முடிகிற வரைக்கும் முன்னால் போகவில்லை. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வீட்டு வாசலில் சாந்தாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "என்னுங்க ஆச்சு பரீச்சை? அழுதாளா?"

"இல்ல."

"ஒருத்தருமே அழுகலீங்களா?"

நான் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பின்னால் அம்மாவும் மகளும் சிரிக்கிற சத்தம். பையைத் திறந்தால் டெஸ்டர் அப்படியே இருக்கிறது, குல்லாய் அப்படியே இருக்கிறது. கையில் பச்சை ரிப்பன். அவிழ்க்க முடிச்சு வரவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 5, திங்கள்

ரெஜினா டீச்சரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். கடையில் எரிந்துபோன மோட்டார் வரிசையாக நிற்கிறது. இன்றைக்குக் கோவம் ஒன்றும் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு. சென்னை

ரொம்ப நாளாக இதை எடுக்கவில்லை. ரயில் கிளம்ப நேரம் இருக்கிறது. சாந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருக்கிறாள், நூல் ஒரு பக்கம் பூ ஒரு பக்கம் கிடக்கிறது. சிரிப்பை எல்லாம் ஊரிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள் போல.

விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். நல்ல இடம்தான். ஸ்விட்ச் போர்டு எல்லாம் பார்த்தேன், எர்த் சரியாக இருக்கிறது. டெஸ்டர் இதற்காவது உதவியது. கட்டிலுக்கு மேல் ஃபேன் கொஞ்சம் ஆடுகிறது. வார்டனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கேட் வரைக்கும் சம்யுக்தா வந்தாள். அங்கே வேறு ஊர்ப் பிள்ளைகள் நிறைய நின்றிருந்தார்கள். எல்லாம் உயரம் உயரமாக, இவளைப் பார்த்துக்கொண்டு. நான் நிபந்தனைப்படி தள்ளி நின்று, பொதுவாக ஒரு பேரண்ட் மாதிரி, "சரி, பாத்து இரு" என்று மட்டும் சொன்னேன். நாலடி நடந்திருப்போம்.

"அப்பா."

திரும்பினேன்.

"ஆடு மறக்காதுங்கப்பா" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு சரியாக வரவில்லை. "ஒரே ஒரு தடவை அம்மிணின்னு கூப்புட்டுட்டுப் போங்க."

பக்கத்து வீட்டு நாயை எழுப்புகிற குரல் என்னுடையது. திம்பம் மலையில் பஸ்ஸில் எல்லாத் தலையையும் திரும்ப வைத்த குரல். வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

அவள் அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினாள்.

கண் எரிகிறது. இன்றைக்கும் நான் தைலம் பூசவில்லை.